ஏரிக்கரையில் வியர்க்கும் கூடாரம்: இருவர் டோம் டென்ட் ஒரு மதிப்பீடு

மலை ஏரிக்கரையில் இரவு தங்கியவர்கள் டென்ட் மேல் சொல்லும் முதல் புகார் ‘ஒழுகுது’ என்பதுதான். ராத்திரி முழுக்க ஒரு பொட்டு மழை பெய்திருக்காது. ஆனாலும் விடியும்போது மேல்துணியின் உட்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் ஈரமாக இருக்கும். டென்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் தடிமனான துணியில் ஒன்றை வாங்குவார்கள். அதுவும் நனையும், பெரும்பாலும் முன்னதைவிட அதிகமாக.

அந்த ஈரம் ஓட்டை வழியாக வந்ததல்ல. படுத்திருந்தவர்களின் மூச்சும் ஏரிக்கரையின் ஈரக்காற்றும் குளிர்ந்த துணியில் பட்டு நீரானவை. எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். மேல்துணியின் உட்புறம் முழுக்கச் சீராகப் பொடிப்பொடித் துளியாக இருந்தால் அது வியர்வை. தையல் ஓரமாகக் கோடு போட்டதுபோல ஈரம் இறங்கியிருந்தால், அல்லது ஒரே மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தால், அது ஒழுகல். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றதற்குச் செய்தால் பணமும் தூக்கமும் போகும்.

இங்கே எடுத்துக்கொள்வது இருவர் படுக்கும், இரண்டு அடுக்குத் துணி கொண்ட, தானே நிற்கும் டோம் டென்ட். அலுமினியக் கம்பிகள், நீளவாக்கில் இரு பக்கமும் கதவு, ஒவ்வொரு கதவின் முன்னும் மேல்துணி நீண்டு மூடும் சிறு இடம். அந்த இடத்தைத் திண்ணை என்றே சொல்லலாம். தரை 130-க்கு 215 செ.மீ., நடு உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், எடை 2 முதல் 2.5 கிலோ. பல நிறுவனங்கள் ஏறத்தாழ இதே அச்சில்தான் செய்கின்றன. ஏரிக்கரைக் காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஆனால் இந்த வகைக்குள்ளேயே நல்லதையும் மோசமானதையும் பிரிப்பது துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்ட மில்லிமீட்டர் எண் அல்ல, காற்று போக வர எத்தனை வழி வைத்திருக்கிறார்கள் என்பது.

கணக்கைப் பாருங்கள். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ஓர் இரவில் ஏறக்குறைய கால் லிட்டர் நீரை வெளியே விடுகிறார். இருவர் என்றால் அரை லிட்டர், அதாவது மணிக்கு 60 கிராம். இந்த டென்ட்டின் உள்ளே இருக்கும் இடம் 2 கன மீட்டருக்குள். 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக, எல்லாத் திறப்பையும் மூடிக்கொண்டு படுத்தால் அரை மணி நேரத்துக்குள் காற்றின் கொள்ளளவு நிரம்பிவிடும். அதற்குப் பிறகு விடும் மூச்செல்லாம் துணியில்தான் போய் ஒட்டவேண்டும். நீச்சல் அடித்துவிட்டு வந்து நனைந்த துண்டை உள்ளே கொடி கட்டிக் காயப்போட்டால், இன்னோர் ஆள் கூடப் படுத்த கணக்கு.

துணி ஏன் அவ்வளவு குளிர்கிறது என்பதற்கு இடம்தான் காரணம். மேகமில்லாத இரவில், திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் எந்தப் பரப்பும் தன் வெப்பத்தை மேலே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிரும். புல்நுனியில் பனி கோப்பதும் இதனால்தான். மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனமாகித் தண்ணீர்போலக் கீழே வழிந்து பள்ளத்தில் தேங்கும். அந்தப் பள்ளத்தின் அடியில்தான் ஏரி இருக்கிறது. கரையோரப் புல்தரை அழகான இடம், ஆனால் அந்தக் காட்டிலேயே இரவில் மிகக் குளிர்ந்ததும் மிக ஈரமானதும் அதுதான். பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில், மரங்களின் கீழ் இருக்கும் சமதளம் பல டிகிரி சூடாக இருக்கலாம். தலைக்கு மேல் கிளைகள் இருந்தால் துணி வானத்தைப் பார்க்காது, பனியும் குறைவாகவே படியும்.

எனவே எந்த டென்ட் வாங்கினாலும் பாதி வேலை இடம் பார்ப்பதில் இருக்கிறது. தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போடவேண்டும் என்பது பல முகாம்களில் சொல்லப்படும் விதி. பெரியவர் நடையில் சுமார் 70 காலடி எடுத்து வைத்தால் அந்தத் தூரம் வந்துவிடும். கரையைக் காப்பதற்கும், விலங்குகள் தண்ணீர் குடிக்க வர வழி விடுவதற்கும் வைத்த விதி அது; அதைக் கடைப்பிடித்தால் உங்கள் டென்ட்டும் காய்ந்திருக்கும். முகாமில் இடங்களுக்கு எண் போட்டு ஒதுக்கியிருந்தால் ‘ஏரி தெரியும் முதல் வரிசை’ என்று ஆசைப்படாமல், மரவரிசைக்குள் இருக்கும் இரண்டாம் வரிசையைக் கேளுங்கள். போடும் முன் அண்ணாந்து பாருங்கள். பட்ட மரமோ, பாதி முறிந்து தொங்கும் கிளையோ தலைக்கு மேல் இருந்தால் எவ்வளவு நல்ல சமதளமானாலும் அந்த இடம் வேண்டாம்.

திசை பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் காற்று ஏரியிலிருந்து கரையேறி வரும். இரவில் சரிவிலிருந்து ஏரிக்கு இறங்கும். அமைதியான இரவுகளில் ஒரு கதவு சரிவைப் பார்த்தும் மற்றது ஏரியைப் பார்த்தும் இருக்கும்படி போட்டால், இறங்கி வரும் மெல்லிய காற்று குறுக்கே நுழைந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். பலத்த காற்று எதிர்பார்க்கும் நாளில் மட்டும் டென்ட்டின் குறுகிய முனையைக் காற்றுக்குத் திருப்புங்கள்.

இனி டென்ட்டுக்கு வருவோம். இரண்டு அடுக்கில் உள்ளே இருப்பது உள்கூடு. பாதிக்கு மேல் கொசுவலையும், கீழே மெல்லிய துணியும், தரையும் கொண்டது. வெளியே இருப்பது நீர் புகாத மேல்துணி. கடைகளில் ஃப்ளை என்பார்கள். மூச்சு வலை வழியே வெளியேறி மேல்துணியில் பட்டு நீராகி, அதன் சரிவிலேயே வழிந்து தரைக்கு வெளியே இறங்கவேண்டும். இதுதான் இந்த அமைப்பின் சூட்சுமம். ஈரம் உருவாகத்தான் செய்யும், ஆனால் படுத்திருப்பவர் மேல் படாது. இரண்டு துணிகளும் எங்காவது ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் இந்த ஏற்பாடு தோற்றுவிடும். கடையில் விரித்துக் காட்டும்போது நான்கு பக்கமும் கையை விட்டு இடைவெளி பாருங்கள். நடுவில் ஒரு சாண், ஓரங்களில் நான்கு விரல் இருந்தால் நல்லது. கால்மாட்டிலும் தலைமாட்டிலும்தான் பல டென்ட்டுகள் சறுக்குகின்றன. உயரமானவர் படுத்தால் ஸ்லீப்பிங் பேக்கின் நுனி உள்கூட்டைத் தள்ளி மேல்துணியோடு ஒட்டவைக்கும். காலையில் ‘ஒழுகின’ இடம் சரியாக அதுவாக இருக்கும். 180 செ.மீ. உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 215 செ.மீ. தரை போதாது, 225 தேடவேண்டும்.

காற்றுத் திறப்புகள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஜோடியாக வேலை செய்யும். சூடான ஈரக்காற்று மேலே ஏறி வெளியேற உச்சியில் திறப்பு வேண்டும். அது வெளியேற வேண்டுமானால் கீழிருந்து புதுக்காற்று நுழையவேண்டும். உச்சித் திறப்பு மட்டும் வைத்து மேல்துணியைத் தரையோடு தரையாகத் தைத்திருந்தால் புகைபோக்கி வைத்து அடுப்பு வாயை அடைத்த கதை. மேல்துணியின் அடி விளிம்பு தரையிலிருந்து ஐந்து முதல் பத்து செ.மீ. தூக்கியிருப்பது இந்த நிலத்துக்கு ஏற்றது. மேல்துணிக் கதவின் ஜிப் மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப்பாக இருப்பது, எங்கள் பார்வையில், இருநூறு கிராம் எடைக் குறைப்பைவிடப் பெரிய விஷயம். மழை இல்லாத இரவில் ஏரிப்பக்கத் திண்ணையைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். தூறல் இருந்தால் மேலிருந்து ஒரு சாண் மட்டும் திறந்துவையுங்கள். குளிருது என்று எல்லாவற்றையும் மூடுவது மிகப் பொதுவான தவறு. டென்ட் சூட்டைக் காப்பதில்லை, அது ஸ்லீப்பிங் பேக்கும் கீழே போடும் ஸ்லீப்பிங் மேட்டும் செய்யும் வேலை. அந்த மேட்டின் ஆர் மதிப்பு, அதாவது வெப்பம் தரைக்குப் போகாமல் தடுக்கும் திறனின் அளவு, 2-க்குக் கீழே இருந்தால் குளிர் தரையிலிருந்தே ஏறும். உறைநிலையை ஒட்டிய இரவுகளுக்கு 3 அல்லது 4 வேண்டும். கதவை மூடி இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். மூடுபனி ஏரியிலிருந்து எழுந்து காடே நனையும் இரவில் எவ்வளவு திறப்பு வைத்தாலும் பயனில்லை. உள்ளே வரும் காற்றே நிரம்பித்தானே வருகிறது. அப்போது காப்பாற்றுவது இரண்டாவது அடுக்கும், முப்பது செ.மீ. சதுரத்தில் பிழியக்கூடிய ஒரு துணியும். எழுந்ததும் உள்கூட்டைக் கழற்றும் முன் மேல்துணியின் உட்புறத்தைத் துடைத்துப் பிழிந்துவிடுங்கள். வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தால் துளிகள் உறைபனியாகி ஒட்டியிருக்கும். வெயில் பட்டு உருகும் முன் வெளியிலிருந்து தட்டி உதிர்ப்பது துடைப்பதைவிட எளிது.

பெட்டியில் அச்சிடும் 1500, 3000, 5000 என்ற எண்கள் துணி மேல் நிறுத்திய நீர்த்தம்பத்தின் உயரம், மில்லிமீட்டரில். நீர் ஊடுருவத் தொடங்கும் அளவு அது. மழைத்துளி மேலிருந்து விழுந்து வழிந்து ஓடும் மேல்துணிக்கு 1500 தாராளம். தரைக்கு மட்டும் கதை வேறு. உள்ளே ஒருவர் முழங்கால் போடும்போது 40 கிலோ பாரம் 120 சதுர செ.மீ. பரப்பில் இறங்குவதாக வைத்தாலே அழுத்தம் 3300 மி.மீ. நீர்த்தம்பத்துக்குச் சமம். ஈரமண்ணில் முழங்கால் பட்ட இடத்தில் மட்டும் நீர் கசிவதன் காரணம் இதுவே. எனவே தரைக்கு 3000-க்குக் குறைவானதை எடுக்காதீர்கள், 5000 இருந்தால் நிம்மதி. மேல்துணிக்கு 5000 என்று பெருமையாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் விலை தரத் தேவையில்லை.

துணியின் வகை அதைவிட முக்கியம். நைலான் நனைந்தால் நீளும். மாலையில் முரசுத்தோல்போல இழுத்துக் கட்டிய மேல்துணி பத்து மணிக்குத் தொய்ந்து உள்கூட்டைத் தொடும். படுக்கும் முன் ஒரு சுற்று வந்து இழுகயிறுகளை மறுபடி இறுக்குவது நைலான் வைத்திருப்பவரின் தினசரிக் கடமை. பாலியஸ்டர் இவ்வளவு தொய்வதில்லை, வெயிலையும் கூடுதல் காலம் தாங்கும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடுவதால் மலையில் அது சின்ன லாபமல்ல. கிழிசல் தாங்குவதில் அதே எடை நைலான் முந்தும். முட்புதரும் பாறைமுனையும் இல்லாத, ஒழுங்காகப் பராமரிக்கும் முகாம் என்றால் எங்கள் தேர்வு பாலியஸ்டர்.

கம்பிகளில் பேரம் வேண்டாம். கண்ணாடியிழைக் கம்பி மலிவு, ஆனால் முறியும்போது சிலாம்பாகப் பிளந்து துணியையும் கையையும் கிழிக்கும். அலுமினியம் வளையும், பெரும்பாலும் எச்சரித்துவிட்டுத்தான் ஒடியும். கொரியாவின் டாக் (DAC) நிறுவனக் கம்பிகளை உலகின் பல டென்ட் நிறுவனங்கள் வாங்கிப் பயன்படுத்துகின்றன. அந்தப் பெயர் இருந்தால் நம்பலாம். இரண்டு கம்பி குறுக்கே போகும் டோம் சாதாரணக் காற்றுக்குப் போதும். கம்பிகள் பல இடங்களில் குறுக்கிட்டுச் சுமையைப் பகிரும் வடிவம் 1975-ல் தி நார்த் ஃபேஸ் வெளியிட்ட ஓவல் இன்டென்ஷனோடு பரவியது. அது மரங்கள் வளராத உயரத்தில் தங்குபவர்களுக்கானது, காட்டுக்குள் அவ்வளவு எடை சுமக்க வேண்டாம்.

கம்பி ஒடிவது பெரும்பாலும் காற்றில் அல்ல, போடும்போதும் கழற்றும்போதும். மூட்டு முழுக்க உள்ளே உட்காராமல் வளைத்தால் விளிம்பு பிளக்கும். துணிக்குழாயில் நுழைக்கும் வகை என்றால் எப்போதும் தள்ளுங்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் மூட்டு பிரிந்து நடுவில் மாட்டிக்கொள்ளும். மடிக்கும்போது நடுமூட்டிலிருந்து இரு பக்கமும் தொடங்கினால் உள்ளிருக்கும் மீள்கயிறு சமமாக இழுபடும், சீக்கிரம் தளராது. பையில் வரும் ஒரு சாண் நீளக் குழாயைத் தூக்கி எறியாதீர்கள். ஒடிந்த இடத்தின் மேல் அதை நகர்த்தி இரு பக்கமும் டேப் சுற்றினால் அந்தப் பயணம் முடியும்வரை தாங்கும்.

உள்கூட்டை முதலில் நிறுத்தி மேல்துணியைப் பிறகு போர்த்துவதுதான் இந்த வகையின் பலவீனம். மழையில் போடும்போது வலை வழியே தரை நனைந்துவிடும். 1971-ல் ஸ்வீடனில் தொடங்கிய ஹில்லெபெர்க்கின் டென்ட்டுகளில் இரண்டு அடுக்கும் இணைந்தே எழும். மழை மிகுந்த மலைகளுக்கு அது பெரிய வசதி, விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும். மற்றவர்கள் அடிவிரிப்பு, கம்பி, மேல்துணி மூன்றை மட்டும் முதலில் நிறுத்தும் வசதி உண்டா என்று பார்த்து வாங்கலாம். அப்படி நிறுத்திவிட்டு உள்கூட்டை அடியிலிருந்து மாட்டினால் உள்ளே ஈரமே வராது.

அடிவிரிப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. அது டென்ட்டின் தரையைவிட எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. சின்னதாக இருக்கவேண்டும். பெரிய தார்ப்பாயை விரித்து அதன் மேல் டென்ட் போட்டால், மேல்துணியிலிருந்து வழியும் நீர் பாயின் ஓரத்தில் விழுந்து அப்படியே அடியில் ஓடி, நீங்கள் குட்டையின் மேல் படுத்திருப்பீர்கள். இதையும் ‘ஒழுகுது’ என்றே சொல்வார்கள்.

கூட வரும் முளைகள்தான் அநேகமாக எல்லா நிறுவனமும் கஞ்சத்தனம் காட்டும் இடம். மெல்லிய கம்பி முளை தோட்டத்துப் புல்லுக்குச் சரி. காட்டில் ஊசியிலைச் சருகு ஒரு சாண் ஆழம் மெத்தென்று கிடக்கும். முளை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கி, அதே சுலபத்தில் வெளியே வரும். சருகை ஒதுக்கி மண்ணைத் தேடி அடியுங்கள். மூன்று விளிம்புள்ள அலுமினிய முளை, 18 முதல் 20 செ.மீ. நீளத்தில் எட்டுப் பத்து தனியாக வாங்குவது உத்தமம். முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, கயிறும் முளையும் செங்கோணத்தில் இருக்கவேண்டும். வேர் தடுத்தால் அடித்து வளைக்காமல் ஒரு கை தள்ளி அடியுங்கள். கூழாங்கல் தரையில் முளை நிற்கவே நிற்காது. கயிற்றின் நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டி, அதன் முன்னால், டென்ட் இருக்கும் பக்கமாக, கயிற்றின் மேல் ஒரு பெரிய கல்லை வையுங்கள். இழுக்கும்போது சின்னது பெரியதன் பின்னால் மாட்டிக்கொள்ளும். மணலில், பையில் மணல் நிரப்பி முழங்கை ஆழத்தில் புதைத்து அதில் கயிற்றைக் கட்டவேண்டும். தானே நிற்கும் டென்ட்தானே என்று முளையே அடிக்காமல் விட்டால் மதியக் காற்றில் அது உருண்டோடிவிடும்.

திண்ணை இரண்டு இருப்பதன் அருமை முதல் மழையில் தெரியும். ஒன்றில் ஈரச் செருப்பும் பையும், மற்றது போக வர. அங்கே அடுப்பு வைப்பதை மட்டும் நாங்கள் ஏற்கமாட்டோம். மூடிய துணிக்குள் எரியும் எந்த அடுப்பும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, ஆள் மயங்கும்வரை தெரியாது. நைலானும் பாலியஸ்டரும் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கொதிக்கும் நீரின் ஆவி இரவெல்லாம் தவிர்க்க முயலும் ஈரத்தை மாலையிலேயே உள்ளே ஏற்றிவிடும். கரடி நடமாடும் காடானால் உணவும் பற்பசையும் சோப்பும் டென்ட்டிலும் திண்ணையிலும் கூடவே கூடாது. முகாமில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். கரடி இல்லாத காட்டிலும் ஒரு பிஸ்கட் பொட்டலத்துக்காக எலி உள்கூட்டைக் கடித்துத் துளை போடும்.

வேறு வகைகள்? ஒற்றைத் துணி டென்ட் ஒரு கிலோவுக்குள் கிடைக்கும், வறண்ட மலைமுகட்டுக்கு அருமையானது. ஏரிக்கரைக்கு வேண்டவே வேண்டாம், எழுந்து உட்காரும்போது தலைமுடியே துடைத்துணியாகிவிடும். தொங்குமஞ்சம் (ஹேமக்) சரிவான காட்டுக்கு நல்லது, ஆனால் முதுகுப்புறம் தனி மெத்தை இல்லாமல் குளிர் தாங்காது. பல முகாம்களில் மரத்தில் கட்டவும் விடுவதில்லை. நின்று நடமாடும் உயரமுள்ள குடும்ப டென்ட், வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று நாள் தங்குபவர்களுக்கு மட்டும்.

வாங்கியதும் வீட்டில் ஒருமுறை முழுக்க நிறுத்தி, தண்ணீர்க் குழாயால் பத்து நிமிடம் அடித்து, தையல்களை உள்ளிருந்து விளக்கு வைத்துப் பாருங்கள். கசிந்தால் பூச்சுக்கு ஏற்ற பசை பூசவேண்டும். சிலிக்கோன் பூசிய துணியில் சிலிக்கோன் பசை தவிர வேறு எதுவும் ஒட்டாது. பாலியூரித்தேன் பூச்சுக்கு அதற்குரிய பசை. ஏரி மணல் ஜிப்பின் பரம எதிரி. ஜிப் மூடிய பிறகும் பற்கள் விரிந்தால் பல்லைக் குறை சொல்லாதீர்கள், மணல் தேய்த்து நழுவியின், அதாவது ஜிப்பைத் திறந்து மூட இழுக்கும் தலையின், வாய் அகன்றிருக்கும். பழைய பல்துலக்கியால் கழுவிவிட்டு, குறட்டால் நழுவியின் இரு பின் ஓரங்களையும் மெல்ல, மிக மெல்ல நெருக்கினால் அநேகமாகச் சரியாகும்.

ஈர மேல்துணியை உள்கூட்டோடு சேர்த்துச் சுருட்டாமல் தனிப் பையில் கொண்டுவாருங்கள். வந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாள், நிழலில் விரித்துக் காயவைக்கவேண்டும். ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பாலியூரித்தேன் பூச்சு நீரில் சிதைந்து பிசுபிசுக்கும், ஒரு புளித்த நாற்றமும் வரும். அந்த நிலைக்கு வந்த துணியை மீட்க வழியில்லை. பழைய டென்ட்டை யாரிடமாவது வாங்குவதானால் தரைத்துணியின் உட்புறத்தை இரண்டாக மடித்து விரல்களுக்கு இடையில் அழுத்திப் பிரித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு சரசரவென்று பிரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். வீட்டில், அது வந்த குறுகிய பையில் திணிக்காமல், தளர்வான பருத்திப் பையில், கம்பிகளைத் தனியாக எடுத்து, கொசுவலை மேல் எடை ஏறாமல் வைக்கவேண்டும்.